9.4-க்குப் பாஸ் போட்ட பட்டியல்

மார்ச் மாதக் கடைசியில் இங்கிலாந்தில் எந்த ஜிபி (குடும்ப டாக்டர்) மையத்துக்குள் நுழைந்தாலும் ஒரு பரபரப்பு தெரியும். 31-ஆம் தேதியோடு அந்த வருடத்துக் க்யூஓஎஃப் கணக்கு மூடப்படும். ஜிபி மையங்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்க 2004-இல் தொடங்கிய ஏற்பாடு அது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். எண்ணிக்கைக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம். எங்கள் மையத்தில் இந்தக் கணக்கைப் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான்.

அப்படி ஒரு மார்ச் மாலையில் சர்க்கரை நோயாளிகள் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். வழக்கமாகப் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு அடுக்குவேன். எல்லைக்கு மேலே இருப்பவர்களைத்தானே கூப்பிட்டுப் பேச வேண்டும்! அன்றைக்குக் கை தவறித் தலைகீழாக அடுக்கிவிட்டேன். முதல் வரியில் 6.9. கீழே போகப் போக 7.2, 8.1, 8.6, 9.4 என்று ஏறி 11.8 வரை. மொத்தம் 14 பேர். 14 பேருக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் ‘இலக்கு எட்டப்பட்டது’.

இங்கே வருவதற்கு முன் திருச்சியில் 8 வருடம் லேபில் இருந்தவள் நான். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் வரும், மெஷினில் ஏற்றுவோம், மூணு மாச சுகர் 9.4 என்று வந்தால் ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டு அனுப்புவோம். அந்த 9.4-ஐத்தான் இந்தப் பட்டியல் கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மூணு மாச சுகர் என்கிற ஹெச்பிஏ1சி-யை இந்தியாவிலும் இலங்கையிலும் சதவீதத்தில் சொல்கிறோம். இங்கிலாந்தில் மில்லிமோல்/மோல். 2009 ஜூனிலிருந்து இங்கே லேப்கள் இரண்டு எண்ணையும் சேர்த்தே அச்சிட்டன. 2011 அக்டோபரில் சதவீதத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. பழைய ஆட்கள் இன்னும் 42W4, 42W5 என்று அந்தக் காலத்துக் குறியீட்டை மனப்பாடமாகச் சொல்வார்கள். முதலாவது சதவீதத்துக்கு, அடுத்தது மில்லிமோலுக்கு. லேபிலிருந்து நேராகக் கணினிக்கு வரும் முடிவுகளில் சிக்கல் வராது, அலகு கூடவே வரும். கையால் தட்டச்சு செய்யும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது.

எங்கள் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். கோடை விடுமுறைக்குச் சென்னை, யாழ்ப்பாணம் என்று போவார்கள். போன இடத்தில் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டு, ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்து வரவேற்பறையில் கொடுப்பார்கள். வரவேற்பறைப் பெண் நல்ல எண்ணத்தோடு, ‘ஹெச்பிஏ1சி’ என்று தேடியதும் முதலில் வரும் குறியீட்டைத் தேர்ந்து எண்ணை மட்டும் அடிப்பாள். முதலில் வருவது மில்லிமோல் குறியீடு. எண் 9.4. எங்கள் மையத்திலேயே யாரோ முன்பு எழுதி வைத்திருந்த தேடல், ‘58 அல்லது அதற்குக் கீழே’ என்று மட்டும்தான் கேட்டது. 9.4 அதற்குக் கீழேதான். அதன் பங்குக்கு அது பொய் சொல்லவில்லை.

எனக்கு உறைத்தது அந்த எண்ணைவிட, அது அங்கே இருந்த காலம். சில பதிவுகளுக்கு இரண்டு வயது. அதே வருடம் வேறொரு ரிப்போர்ட்டிலிருந்து மொத்தக் கொழுப்பு 182 என்று யாரோ அடித்தார்கள்; மி.கி./டெ.லி. அளவு அது. இங்கே மில்லிமோல்/லிட்டர், 4.7 என்று வந்திருக்க வேண்டும். அன்று மதியமே நர்ஸ் ஓடி வந்துவிட்டார். இன்னொரு முறை ஹீமோகுளோபின் 11.2 என்று ஏறியது. இங்கிலாந்தில் 2013-இலிருந்து அதை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுகிறார்கள், அதாவது 112. 11.2 கிராம்/லிட்டர் என்றால் ஆள் உயிரோடு நடமாட முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். அவர் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்.

182-உம் 11.2-உம் நம்மை மோசமாகக் காட்டிய பிழைகள். அதனால் உடனே பிடித்தோம். 9.4 நம்மை நன்றாகக் காட்டிய பிழை. அதைத் தேட யாருக்கு என்ன அவசரம்? ‘இதற்குக் கீழே இருந்தால் பாஸ்’ என்று எல்லை வைக்கும் எந்த அளவீட்டிலும், அலகு மாறி எண் சுருங்கினால் நோயாளி சத்தமில்லாமல் வெற்றிப் பட்டியலுக்குப் போய்விடுகிறார். பட்டியலில் எந்தப் பிழை நமக்குச் சாதகம் என்று முதலில் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் தோண்ட வேண்டும். நான் அத்தனை வருடமும் எதிர்ப்பக்கம் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 11.8 யார் என்று திறந்து பார்த்தேன். அறுபதுகளில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. வரவேற்பறையில் என்னைப் பார்த்தால் நின்று பேசிவிட்டுத்தான் போவார். எங்கள் அழைப்புப் பட்டியல் ‘இலக்கை எட்டாதவர்கள்’ என்ற தேடலிலிருந்து வருவது. இவர் எட்டிவிட்டார் என்று கணினி நினைத்ததால் ஒரு வருடமாக நர்ஸ் சந்திப்புக்கு யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் நானே போன் போட்டேன்.

“பிள்ளை, அங்க டொக்டர் சொன்னவர் சீனி நல்லாக் கூடிப்போச்செண்டு. அந்தத் தாளை உங்களிட்டத்தானே தந்தனான். இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, அப்ப காரியமில்லையெண்டு விட்டிட்டன்” என்றார்.

“மன்னிச்சிடுங்கம்மா, தப்பு எங்க பக்கம்தான். நாளைக்குக் காலைல வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க” என்றேன். வேறென்ன சொல்வது!

11.8 சதவீதம் என்றால் 105 மில்லிமோல்/மோல். எல்லை 58.

இனி சதவீதத்தை மில்லிமோலாக மாற்றும் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் அடுத்த குழி. தப்பைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், அலுவலகத்தில் ஒருவர் எக்ஸெலில் ஒரு தாள் தயாரித்துக் கொடுத்தார். 7 சதவீதம் 53-க்குச் சமம் என்பது எல்லோருக்கும் தெரியும். 53-ஐ 7-ஆல் வகுத்தால் 7.57, ஆகவே எல்லாவற்றையும் 7.57-ஆல் பெருக்கிவிடு என்று செய்திருந்தார். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. 9.4-ஐப் போட்டால் 71 வந்தது. உண்மையான விடை 79. முதுமையால் தளர்ந்துபோனவர்களுக்கு எல்லையைச் சற்றுத் தளர்த்தி 75 என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவில் ஒருவர் 9.4 என்றால், இந்தத் தாள் அவரை மறுபடியும் பாஸ் போட்டு அனுப்பியிருக்கும். பிழையைத் திருத்தப் போய் அதே திசையில் இன்னொரு பிழை.

கொழுப்பு, சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் எல்லாம் ஒரே எண்ணால் பெருக்கி வகுத்தால் மாறிவிடும். ஹெச்பிஏ1சி அப்படி மாறாது. காரணம் லேபில் இருந்தவர்களுக்குப் புரியும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி நுனியில் இருக்கும் வாலின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிய குளுக்கோஸை மட்டும், மில்லிமோல் எண்ணைத் தரும் ஐஎஃப்சிசி முறை எண்ணுகிறது. பழைய முறைகள் அதோடு ஒட்டி வரும் வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணின. 53 மில்லிமோல்/மோல் என்றால் ஆயிரத்துக்கு 53, அதாவது நூற்றுக்கு 5.3. பழைய கணக்கிலோ அதே ரத்தம் 7 காட்டும். இடைப்பட்ட வித்தியாசம் வெறும் அலகு வித்தியாசமாக இருந்திருந்தால் பெருக்கலே போதும். இங்கே அளக்கப்படும் பொருளே கொஞ்சம் வேறு. 1993-இல் வந்த அமெரிக்க டிசிசிடி ஆய்வு எந்த அளவில் எவ்வளவு ஆபத்து என்பதைப் பழைய சதவீதத்தில் சொல்லிவிட்டதால், உலகத்தில் பாதி அதை விட மனசில்லாமல் இருக்கிறது. சூத்திரம் இப்படி:

மில்லிமோல்/மோல் = (சதவீதம் − 2.15) × 10.929

திருப்பிப் போக: சதவீதம் = (0.09148 × மில்லிமோல்/மோல்) + 2.152

கையில் கால்குலேட்டர் இல்லாதபோது நான் பயன்படுத்தும் வித்தை ஒன்று உண்டு. முழு எண் சதவீதத்தில் 2-ஐக் கழி, வந்ததில் மறுபடி 2-ஐக் கழி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. 7 என்றால் 5, 3, ஆக 53. 8 என்றால் 6, 4, 64. 9 என்றால் 75. 10 என்றால் 86. வரவேற்பறையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததும் சீட்டுக்கட்டு வித்தையைப் பார்த்ததுபோலச் சிரித்தார்கள். இது சரிபார்க்க மட்டும்தான், பதிவேற்ற அல்ல என்று நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது.

சூத்திரம் சரியாக இருந்தாலும் எல்லைக்கோட்டில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இதை ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் கண்டேன். 58-ஐச் சதவீதமாக்கினால் 7.458 வரும், ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 7.5. 59-ஐ மாற்றினால் 7.549, அதையும் சுருக்கினால் 7.5. இரண்டும் ஒரே 7.5! இப்போது 7.5-ஐத் திருப்பி மில்லிமோலுக்கு மாற்றுங்கள். 58 வரும். அதாவது 59 வாங்கி ஃபெயில் ஆனவர், யாரோ ஒருவரின் கடிதத்தில் 7.5 என்று எழுதப்பட்டு, எங்களிடம் வந்து மறுபடி மில்லிமோலாக மாறினால் பாஸ். க்யூஓஎஃப்-இலேயே முன்பு ஓர் எல்லை 59 என்று இருந்து பிறகு 58 ஆனது. ஓர் எண் வித்தியாசம் நோயாளியின் உடம்பில் ஒன்றுமே இல்லை. பட்டியலில் அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற வித்தியாசம். ஆகவே ஒருமுறை மாற்றியதை மறுபடி மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். லேப் முதலில் எந்த அலகில் சொன்னதோ அந்தத் தாளுக்கே திரும்பிப் போவோம். அது கிடைக்காவிட்டால் இங்கேயே புதிதாக ரத்தம் எடுப்போம்.

கொழுப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, ஒரு எச்சரிக்கை மட்டும். கொலஸ்ட்ரால், எல்டிஎல், ஹெச்டிஎல் எல்லாவற்றையும் 38.67-ஆல் வகுக்கலாம். ட்ரைகிளிசரைடை அதே எண்ணால் வகுக்கக் கூடாது. அதன் மூலக்கூறு கனமானது, 88.57. 150 என்பது 1.7 ஆக வேண்டும். தப்பான எண்ணால் வகுத்தால் 3.9 ஆகிவிடும். ஒரே தாளில் அடுத்தடுத்த வரியில் இருப்பதால் சூத்திரத்தை அப்படியே கீழே இழுத்துவிடுவார்கள். இதய நோயாளிகளுக்கு எல்டிஎல் 2.0 அல்லது அதற்குக் கீழே என்று 2023 டிசம்பரில் இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு சொன்னது. நம் ஊர் டாக்டரிடம் அதையே சொல்ல வேண்டுமென்றால் 77 மி.கி./டெ.லி.

கிரியேட்டினினுக்கு 88.4-ஆல் பெருக்க வேண்டும். 1.4 என்றால் 124 மைக்ரோமோல். இது மாறினால் சத்தம் போடும் ரகம் என்று நினைத்திருந்தேன். எப்போதும் அப்படியில்லை. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் சில கருவிகள், விடை 90-க்கு மேலே போனால் ‘90-க்கு மேல்’ என்று மட்டும் காட்டி நிறுத்திக்கொள்ளும். மைக்ரோமோல் கட்டத்தில் 1.4-ஐப் போட்டால் உள்ளே வருகிற விடை அபத்தமாக இருக்கும், வெளியே மரியாதையாக ‘90-க்கு மேல்’ என்று தெரியும். சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருப்பவர் இரும்பு மாதிரி இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். மறுபடியும் பாருங்கள், நமக்குச் சாதகமான பக்கம்தான்.

சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தில் மட்டும் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும். நம் ஊரில் மி.கி./கிராம், இங்கே மி.கி./மில்லிமோல், 8.84-ஆல் வகுக்க வேண்டும். 26 என்று வந்த நல்ல ரிப்போர்ட் இங்கே 2.9, சாதாரணம். வகுக்காமல் 26 என்றே போட்டால் சிறுநீரகப் பாதிப்பு என்று ஒரு முத்திரை விழும். ஒரு பெரியவர் அந்த முத்திரையோடு பயண இன்ஷூரன்ஸ் எடுக்கப் போய்த் தவித்தார். அவருக்காக நாங்கள் கடிதம் எழுதிக் கொடுத்தோம்.

யூரியாவில் பெயரே ஏமாற்றும். ஒரே மனிதரின் ஒரே ரத்தம்: நம் ஊரில் யூரியா 30 மி.கி./டெ.லி., அமெரிக்காவில் யூரியா நைட்ரஜன் 14 மி.கி./டெ.லி., இங்கே யூரியா 5 மில்லிமோல்/லிட்டர். முதலிரண்டுக்கும் அலகு ஒன்றுதான், அளந்த பொருள் வேறு. அலகை மட்டும் பார்த்து மாற்றுபவர்கள் இங்கே வழுக்குவார்கள்.

எண்ணைப் பார்த்தே அலகை ஊகித்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஹெச்பிஏ1சி-யில் ஓரளவு முடியும். 20 மில்லிமோல்/மோல் என்பது 4 சதவீதம். அதற்குக் கீழே மில்லிமோலில் வருவது அபூர்வம். ஆகவே மில்லிமோல் குறியீட்டில் 20-க்குக் குறைவான எண் கிடந்தால் அது அநேகமாகச் சதவீதம்தான். ரத்தச் சர்க்கரையில் இந்த விளையாட்டு வேண்டாம். அலகில்லாமல் 30 என்று ஒரு துண்டுச் சீட்டில் இருந்தால் என்ன செய்வீர்கள்? மி.கி. என்றால் சர்க்கரை தரை தட்டி மயங்கிக் கிடப்பவர். மில்லிமோல் என்றால் 540, சர்க்கரை தலைக்கேறிக் கிடப்பவர். இருவரும் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள்தான். எண் உதவாது, தாள்தான் வேண்டும்.

அந்த 14 பேர் கதைக்குத் திரும்புகிறேன். சரியாக மாற்றிப் பார்த்ததில் 4 பேர் உண்மையிலேயே எல்லைக்குள் இருந்தார்கள். 10 பேர் வெளியே. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை; வருடக் கடைசியில் எல்லா மேனேஜரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்: “இதை ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தினால் என்ன?” நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையிலிருந்து மூத்த டாக்டர், “இன்றைக்கே” என்றார். பேச்சு அதோடு முடிந்தது. எதையும் அழிக்கவில்லை. ஒவ்வொரு பதிவையும் திறந்து, பழைய எண் என்ன, எந்த ஊர் லேப், என்ன அலகு, யார் எப்போது திருத்தியது என்று குறிப்பு எழுதினேன். இரவு ஒன்பதரை ஆயிற்று. வீட்டில் தோசை மாவு புளித்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வெளிநாட்டு ரிப்போர்ட் எதையும் வரவேற்பறையில் குறியீட்டோடு ஏற்றுவதில்லை. தாளை ஸ்கேன் செய்து வைத்து, எண்ணையும் அலகையும் லேப் பெயரையும் தேதியையும் வெறும் எழுத்தாகக் குறிப்பில் எழுதி, டாக்டருக்கு அனுப்புவோம். அவசரமில்லாதவர்களுக்கு இங்கேயே மறுபடி ரத்தம் எடுக்கிறோம். ரிப்போர்ட் கொண்டுவருகிறவர்களுக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம்தான், காசு கொடுத்து எடுத்த டெஸ்ட்டை நம்ப மாட்டேன் என்கிறார்களே என்று. அலகுக் கதையைத் தமிழில் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். எங்கள் தேடலில் ‘58-க்குக் கீழே’ என்பதோடு ‘20-க்கு மேலே’ என்றும் சேர்த்தேன். அந்த ஒரு வரி எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 20-க்குக் கீழே விழுபவர்கள் தனிப் பட்டியலாக மாதம் ஒருமுறை என் மேஜைக்கு வருவார்கள்.

யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு மருந்து மாற்றினார்கள். அடுத்த டெஸ்ட்டில் 88. இன்னும் எல்லைக்கு வெளியேதான், சிவப்பில்தான் தெரிகிறார். ஆனால் இப்போது நர்ஸ் கூப்பிடுகிறார், இவரும் போகிறார். போன மாதம் அந்தத் தனிப் பட்டியலில் 2 பெயர் வந்தது. ஒன்று 7.2, புதிதாக வந்த தற்காலிக டாக்டர் அடித்தது. இன்னொன்று 6.4, தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.